நாதன் ஷரான்ஸ்கி: வெளியேற அனுமதி கேட்டு ஜெயிலுக்குப் போனவர் உள்துறை மந்திரியான கதை

#1 வடம்போக்கி

சோவியத் அரசை உள்ளேயிருந்து எதிர்த்தவர்கள் என்றால் நமக்கு சகாரோவ் தெரியும், சோல்செனிட்சின் தெரியும். அதோடு சரி. சகாரோவ் வெளிநாட்டு நிருபர்களைச் சந்திக்கும்போது பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஒரு குள்ளமான இளைஞர் இருந்தார். அவர்தான் அனதோலி ஷரான்ஸ்கி. ஒன்பது வருடம் சிறை. பின்னால் நாதன் என்று பெயர் மாற்றிக்கொண்டு இஸ்ரேலில் ஒன்பது வருடம் அரசியல், நான்கு அரசாங்கங்களில் மந்திரி. நான்கு ஜெயில், நான்கு அரசாங்கம், அரசாங்கத்திலிருந்து இரண்டு முறை ராஜினாமா செய்தேன், ஜெயிலிலிருந்து ஒரு முறைகூட இல்லை என்று அவரே கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்.

1948 ஜனவரி 20 அன்று ஸ்டாலினோவில் பிறந்தார். இன்று செய்திகளில் அடிபடும் டொனெட்ஸ்க் நகரம்தான் அது. வீட்டில் யூத மதமும் கிடையாது, எபிரேயமும் கிடையாது. சோவியத் உள்நாட்டு பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரி இனத்துக்கானது. அதில் 'யூதர்' என்று இருந்ததைத் தவிர யூத அடையாளம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கல்லூரி, வேலை என்று எங்கே போனாலும் அந்த வரி முன்னால் போய் நிற்கும். ஆகவே கணக்கிலும் சதுரங்கத்திலும் கெட்டிக்காரனாகிவிடு, அதுதான் தப்பிக்கும் வழி என்று வளர்த்தார்கள். பையனும் 15 வயதில் ஊர் சாம்பியன். மாஸ்கோ இயற்பியல் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தார், சதுரங்க இறுதியாட்டங்களைக் கணினி எப்படி முடிவு செய்யலாம் என்பது ஆய்வு.

இஸ்ரேல் அரபு நாடுகளை வென்ற 1967 ஆறு நாள் போர் பல சோவியத் யூதர்களைப் போல இவரையும் திருப்பியது. 1973-ல் இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்டார். தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி மறுத்தார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்களை 'ரெஃப்யூஸ்னிக்' என்பார்கள். விண்ணப்பித்த அன்றே வேலைக்கு ஆபத்து. வேலை போனால் 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்று வழக்கு. ஊரை விட்டும் போக முடியாது, ஊரில் இருக்கவும் விடமாட்டார்கள்.

1974 ஜூலை 4 அன்று நடாலியாவை மணந்தார். பின்னாளில் அவித்தால் என்று உலகம் அறிந்தவர். அவருக்கு விசா கிடைத்திருந்தது, காலாவதியாகும் நிலை. திருமணத்துக்கு மறுநாள் விமானம் ஏறினார். சீக்கிரம் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். சேர்ந்தது 1986-ல்.

இந்தப் பகுதி எல்லாம் எளிதாக ரசிக்கக்கூடியது. நான் பேச நினைப்பது இதற்கு அப்புறம் வருகிற பகுதி. இப்படிப்பட்ட ஆள் கையில் ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்தால் என்ன செய்வார்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கறுப்புராஜா64

சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை ஜெயித்தவர் இவர்தானே? அது உண்மையா, வாட்ஸப் கதையா?

#3 வடம்போக்கி

உண்மை தம்பி. 1996-ல் காஸ்பரோவ் இஸ்ரேல் வந்தபோது ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடினார், அதில் ஷரான்ஸ்கி ஜெயித்தார். தனிக்கொட்டடியில் மனதுக்குள்ளேயே இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் பழகியவர். ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடினேன், எல்லாவற்றிலும் நானே ஜெயித்தேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

#4 தாழ்வாரம்

வடம்போக்கி சார், கைதுக்கான காரணத்தையே தாண்டிவிட்டீர்கள். அதுதான் சுவாரசியமான இடம்.

அவர் இரண்டு குதிரையில் சவாரி செய்தார். ஒன்று, யூதர்களை வெளியே விடு என்ற சியோனிய இயக்கம். இன்னொன்று, 1976 மே மாதம் யூரி ஓர்லோவ் தொடங்கிய மாஸ்கோ ஹெல்சின்கி குழு. 1975-ல் ஹெல்சின்கியில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் கையெழுத்துப் போட்ட மனித உரிமை வாக்குறுதிகளைக் காப்பாற்றுகிறாரா என்று பார்த்து அறிக்கை எழுதுவது அதன் வேலை. ரெஃப்யூஸ்னிக்குகளில் பல பேருக்கு இது பிடிக்கவில்லை. நாம் இந்த நாட்டைத் திருத்த வரவில்லை, விட்டுப் போகப் பார்க்கிறோம், எதற்கு இந்த ஜனநாயகவாதிகளோடு உறவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு இரண்டையும் முடிச்சுப்போட வசதியாகிவிட்டது. ஷரான்ஸ்கி கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பட்டியல். யார் யாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, அவர் எங்கே வேலை பார்த்தார், என்ன காரணம் சொன்னார்கள் என்று ரெஃப்யூஸ்னிக்குகள் தொகுத்து வைத்திருந்தார்கள். 'ரகசியம்' என்று சொல்லி மறுத்தால் அந்த வேலையிடம் ரகசிய இடம் என்று அரசே ஒப்புக்கொள்கிறது அல்லவா? லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர் ராபர்ட் டோத் 1976 நவம்பரில் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கேஜிபி அதைப் பிடித்துக்கொண்டது. 1977 மார்ச் 4 அன்று சோவியத் அரசுப் பத்திரிகை இஸ்வெஸ்தியாவில் லிப்பாவ்ஸ்கி என்ற மருத்துவரின் 'வாக்குமூலம்' வந்தது, ரெஃப்யூஸ்னிக்குகள் சிஐஏ ஆட்கள் என்று. அந்த மருத்துவர் ஷரான்ஸ்கியோடு அறை பகிர்ந்து இருந்தவர்! மார்ச் 15 கைது. ஜூனில் அதிபர் கார்ட்டரே இவருக்கும் சிஐஏவுக்கும் சம்பந்தம் இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். சிஐஏ விஷயத்தில் ஓர் அமெரிக்க அதிபர் இப்படி வாய் திறப்பது வழக்கமே இல்லை.

1978 ஜூலையில் விசாரணை. தேசத்துரோகம், 13 வருடம். தாயை நீதிமன்றத்துக்குள் விடவில்லை. அண்ணன் லியோனித்தை மட்டும் விட்டார்கள். அவர் உள்ளே நடப்பதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து வெளியே நின்ற நிருபர்களுக்கு ஒப்பித்தார். கடைசியாக ஷரான்ஸ்கி பேசியதும் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. என் மனைவிக்கும் மக்களுக்கும் சொல்கிறேன், அடுத்த ஆண்டு ஜெருசலேமில். உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று நீதிபதிகளைப் பார்த்து முடித்தார்.

#5 செங்காந்தள்

நல்ல கதை. நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்த இழை 1986-லேயே நின்றுவிடப் போகிறதா? இதே மனிதர் வீட்டுவசதி மந்திரியாக இருந்தபோது மேற்குக் கரைக் குடியேற்றங்களில் வீடு கட்ட டெண்டர் விட்டாரே, அதைச் சொல்லுங்கள். தன் நகர்வு உரிமைக்காக ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர், செக்போஸ்ட்டில் நிற்கிற பாலஸ்தீனியரின் நகர்வு உரிமை பற்றி என்ன சொன்னார்?

#6 வடம்போக்கி

வருகிறேன் தோழர், அங்கேதான் வருகிறேன். நடுவில் ஜெயிலைத் தாண்ட மனசில்லை.

லெஃபோர்தோவோ, விளாதிமிர், சிஸ்டபோல் சிறைகள், அப்புறம் உரால் பக்கம் பெர்ம் 35 முகாம். தண்டனைக் கொட்டடியில் மட்டும் 400 நாட்களுக்கு மேல். அங்கே குளிரும் பசியும்தான் தண்டனை. கடிதங்களைத் தடுத்ததற்காக 1982-ல் தொடங்கிய உண்ணாவிரதம் 110 நாள் போனது, வாய் வழியாகக் கட்டாயமாக ஊட்டினார்கள். அவித்தால் அனுப்பிய உள்ளங்கை அளவு சங்கீதப் புத்தகத்தை (பைபிளின் துதிப்பாடல்கள்) பிடுங்குவார்கள், இவர் மல்லுக்கு நிற்பார். சிஸ்டபோலில் பொரேஷ் என்ற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் அறைத்துணை. இரண்டு பேரும் பைபிளைச் சேர்ந்து படித்தார்கள். அந்த ஆண்டை பைபிள் ஆண்டாக ரீகன் அறிவித்ததை சோவியத் பத்திரிகை திட்டியிருந்தது, ஆகவே அந்த வாசிப்புக்கு 'ரீகன் வாசிப்பு' என்று பேர் வைத்தார்கள்.

1986 பிப்ரவரி 11, பெர்லின் கிளீனிக்கே பாலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது பேர் பரிமாற்றம், மற்றவர்கள் உளவு வழக்குக் கைதிகள். இவர் உளவாளி இல்லை என்பதைக் காட்ட இவரை அரை மணி நேரம் முன்னாலேயே தனியாக அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கா அடம்பிடித்து வாங்கியது. மாஸ்கோவில் விமானம் ஏறும் முன் சங்கீதப் புத்தகம் வேண்டும் என்று பனியில் படுத்துவிட்டார், கொடுத்தார்கள். கிழக்கு பெர்லினில் இறங்கியதும் நேராக அந்தக் காருக்கு நடந்து போ என்றார்கள். வளைந்து வளைந்து போனார். பாலத்தில் போட்டிருந்த எல்லைக் கோட்டைத் துள்ளித் தாண்டும்போது தொளதொள பேண்ட்டைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, கையில் பிடித்துக்கொண்டேதான் சுதந்திர உலகத்துக்குள் வந்தார். அன்று இரவே டெல் அவிவ் விமான நிலையத்தில் பிரதமர் ஷிமோன் பெரெஸ்.

இதில் பாதிப் புகழ் அவித்தாலுக்குச் சேர வேண்டும். பன்னிரண்டு வருடம் நாடு நாடாகப் போய், ரீகன், தாட்சர் என்று கதவு கதவாகத் தட்டினார். அமைதியான ராஜதந்திரம் போதும், சத்தம் போடாதீர்கள் என்று இஸ்ரேலிய அதிகாரிகளே சொன்ன காலம் அது. மனித உரிமைக் கூட்டத்தோடு சேர்ந்தவர் என்று ஷரான்ஸ்கி மேல் அவர்களுக்கும் கொஞ்சம் கோபம்.

#7 மட்டக்களப்பான்

நான் அஷ்தோதில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அவர் உக்ரைனில் இருந்து 1990-ல் வந்தவர், பொறியியலாளர். இங்கே வந்து முதலில் கிடைத்தது தெரு கூட்டுகிற வேலை. ஷரான்ஸ்கி பெயரைச் சொன்னால் எழும்பி உட்காருவார், பிறகு ஏசுவார். "எங்கட ஆள்தான், ஆனால் எங்களுக்கு என்ன செய்தவன்?" என்பது அவர் கேள்வி. வாக்கு மட்டும் அவனுக்குத்தான் போட்டேன் என்றும் சொல்வார், இரண்டு தரமும். மூன்றாம் தரம் போடவில்லை.

#8 தாழ்வாரம்

மட்டக்களப்பான் அண்ணா, அந்தப் பெரியவர் சொன்னதுதான் அந்தக் கட்சியின் மொத்த வரலாறு.

1989-க்குப் பிறகு சோவியத் கதவு திறந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். 1984-ல் மொத்தமே ஆயிரம் பேரைக்கூட விடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மருத்துவர்களும் பொறியாளர்களும் இசைக்கலைஞர்களும் காவலாளி வேலைக்கு நின்றார்கள். ஷரான்ஸ்கி 1988-ல் இருந்தே புலம்பெயர்ந்தவர்களுக்கான சியோனிய மன்றத்தை நடத்தினார். கட்சி வேண்டாம் என்று வெகுகாலம் ஒதுங்கியிருந்து, 1996 தேர்தலுக்கு 'இஸ்ரேல் பா அலியா' கட்சியோடு வந்தார். மற்ற அரசியல்வாதிகள் பதவிக்கு வந்த பிறகு ஜெயிலுக்குப் போகிறார்கள், நாங்கள் அதை முன்கூட்டியே முடித்துவிட்டோம் என்பது பிரச்சார ஜோக். முதல் தேர்தலிலேயே 7 இடம். தொழில், வணிக மந்திரி ஆனார். 1997-ல் மந்திரியாக மாஸ்கோ போய் லெஃபோர்தோவோ சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வெற்றிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 1996-லும் 1999-லும் இஸ்ரேலியர்களுக்கு இரண்டு வாக்குச்சீட்டு. பிரதமருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. நாடு யார் கையில் என்பதை ஒரு சீட்டில் தீர்த்துவிட்டு இன்னொன்றை மனம்போல 'நம்ம ஆளுக்கு' போடலாம். 2003-ல் மறுபடி ஒற்றைச் சீட்டு வந்ததும் கட்சி 6-லிருந்து 2-க்கு விழுந்து வலதுசாரி லிக்குட் கட்சியில் கரைந்தது. நடுவில் 1999-ல் இடது பக்கம் சாய்ந்த இரண்டு எம்.பி.க்கள் பிரிந்து போனார்கள், வலது பக்கம் லீபர்மேன் என்ற இன்னொரு சோவியத் குடியேறி தனிக் கடை போட்டார். ஆனால் சீட்டுக் கணக்கை மட்டும் சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. அவருக்குத் தொகுதி வேலை வராது. பேசச் சொன்னால் சுதந்திரம் பற்றிப் பேசுவார், அந்தப் பெரியவருக்கு வேண்டியது வாடகைப் பணம்.

#9 செங்காந்தள்

சரி, என் கேள்வி அப்படியே இருக்கிறது.

#10 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. இன்றைய போர்ச் செய்திகளை இங்கே கொண்டுவர வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது. இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

#11 வடம்போக்கி

செங்காந்தள், வந்துவிட்டேன். நான் இந்த இழையைத் தொடங்கியதே உள்துறைக்காகத்தான்.

1999 தேர்தலில் அவர்கள் முழக்கமே உள்துறை அமைச்சகம் பற்றியதுதான். அது ஷாஸ் என்ற அதிதீவிர மதக் கட்சியின் கையில் இருந்தது. இஸ்ரேலின் திரும்பி வரும் சட்டப்படி தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தால்கூடக் குடியுரிமை உண்டு. ஆனால் மதச் சட்டப்படி தாய் யூதராக இருக்க வேண்டும். ஆகவே வந்தவர்களில் லட்சக்கணக்கானவர்கள் குடிமகன்தான், யூதர் இல்லை. உள்ளே மதத் திருமணம் மட்டும்தான் உண்டு என்பதால் கல்யாணத்துக்கு சைப்ரஸ் தீவுக்கு விமானம் ஏற வேண்டும். பதிவு, மனைவிக்கு விசா, குழந்தைக்கு எண் என்று எல்லாவற்றுக்கும் உள்துறை கவுன்டரில்தான் நிற்க வேண்டும். உள்துறை ஷாஸ் கட்டுப்பாட்டிலா, இல்லை, நம் கட்டுப்பாட்டில் என்று ரஷ்ய மொழியில் டிவி விளம்பரம் ஓடியது. பிரதமர் தேர்தலில் பராக் ஜெயித்ததும் ஷரான்ஸ்கி அந்த அமைச்சகத்தைக் கேட்டு வாங்கினார்.

அந்த நாட்களில் இஸ்ரேலிய அடையாள அட்டையிலும் இனத்துக்கு ஒரு வரி உண்டு: யூதர், அரபு, துரூஸ் என்று. சோவியத் ஐந்தாவது வரியால் வாழ்க்கை மாறிப்போன ஆள், அதே மாதிரி ஒரு வரியை அச்சடிக்கும் இலாகாவுக்குத் தலைவர். அவர் அதை எடுக்கவில்லை. 2002-ல் அதை நிறுத்தியது ஷாஸ் மந்திரி, அதுவும் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவு வழியாக மதம் மாறியவர்களை யூதர் என்று அட்டையில் எழுத மனமில்லாமல்! என்ன விசித்திரம் பாருங்கள்.

ஆனால் இன்னொன்று செய்தார், இதை அவருடைய ரசிகர்களும் சொல்வதில்லை, எதிரிகளும் சொல்வதில்லை. கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனியர்களுக்கு இருப்பது குடியுரிமை இல்லை, வசிப்புரிமை. 1990-களின் நடுவிலிருந்து, உன் 'வாழ்க்கையின் மையம்' நகரத்துக்கு வெளியே என்று சொல்லி உள்துறை அந்த அட்டைகளைப் பறிக்க ஆரம்பித்தது. வெளியே படிக்கப் போனவர், பக்கத்து ஊரில் வாடகைக்கு இருந்தவர் எல்லாம் ஊரற்றவராகிவிட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2000 மார்ச்சில் ஷரான்ஸ்கி மந்திரியாக நீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்தார். ஊரோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தவர்களின் அட்டையைப் பறிக்க மாட்டோம், பறிக்கப்பட்டவர்கள் திரும்ப வந்து இரண்டு வருடம் வசித்தால் திருப்பித் தருவோம் என்று. 'ஷரான்ஸ்கி வாக்குமூலம்' என்றே இன்றும் அந்த வழக்கறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

#12 செங்காந்தள்

இது எனக்குப் புதுசு. ஆனால் மீதியையும் நானே சொல்கிறேன்.

அந்த வாக்குமூலம் கொள்கையை ஒழிக்கவில்லை, தளர்த்தியது. அவர் போன பிறகு 2000-களில் பறிப்பு மறுபடி நடந்தது. அடுத்து 2004 ஜூன். ஷரான்ஸ்கி அப்போது ஜெருசலேம் விவகார மந்திரி. அவர் இருந்த அமைச்சர் குழு, ஊரில் இல்லாதோர் சொத்துச் சட்டத்தைக் கிழக்கு ஜெருசலேமில் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. அதாவது பெத்லஹேமில் வீடு, நகர எல்லைக்குள் ஒலிவத் தோப்பு, நடுவில் தடுப்புச்சுவர் என்றால், அந்தத் தோப்புக்காரர் 'ஊரில் இல்லாதவர்', தோப்பு அரசுக்கு. இழப்பீடு கிடையாது. சத்தமில்லாமல் செய்தார்கள். 2005 தொடக்கத்தில் பத்திரிகையில் வந்ததும் அரசுத் தலைமை வழக்கறிஞர் மசூஸ் தலையிட்டு நிறுத்தச் சொன்னார்.

அதே மாதங்களில்தான் இவருடைய ஜனநாயகப் புத்தகத்தை புஷ் வெள்ளை மாளிகையில் புகழ்ந்துகொண்டிருந்தார். ஊர்ச் சந்தையின் நடுவில் நின்று மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு கைதாகாமல் வீட்டுக்குப் போக முடியுமா, முடிந்தால் அது சுதந்திர சமூகம் என்பது அவர் வைத்த சோதனை. ராணுவ ஆட்சிக்குக் கீழே இருக்கிற ஹெப்ரான் சந்தையில் அந்தச் சோதனையை யார் நடத்துவது?

#13 தாழ்வாரம்

அவர் பதில் என்னவாக இருக்கும் என்றால், முதலில் பாலஸ்தீனிய ஆட்சி ஜனநாயகம் ஆகட்டும், அப்புறம் நிலம் என்பது. பாலஸ்தீனியர்களோடு போட்ட ஓஸ்லோ சமாதான ஒப்பந்தத்தை எதிர்த்ததும் அதனால்தான். பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் என்ற சர்வாதிகாரியை நம்பிச் சமாதானம் செய்யாதே என்று 1993-லேயே எழுதினார். 2000 ஜூலையில் அராஃபத்தோடு பேச கேம்ப் டேவிட்டுக்கு பராக் கிளம்பும் முன் ராஜினாமா. 2005 மே மாதம் காஸாவிலிருந்து வெளியேறுவதை எதிர்த்து பிரதமர் ஷரோன் அரசிலிருந்து ராஜினாமா. இரண்டு கடிதத்துக்கும் அடிப்படை ஒரே வாதம். வசதியான வாதம் என்று நீங்கள் சொல்வீர்கள், அதில் நியாயம் உண்டு. எதிராளி திருந்தும்வரை ஒன்றும் தர வேண்டாம், திருந்திவிட்டானா என்று தீர்ப்புச் சொல்வதும் நாமே என்றால் அது முடிகிற காரியமில்லை. ஆனால் பதவிக்காகச் சொன்ன வாதம் இல்லை. இரண்டு முறையும் அதற்காகப் பதவியை விட்டார்.

என்னைக் கேட்டால் அவருடைய பார்வையில் இரண்டு பாதி உண்டு. தன் மக்களுக்குள் யார் சிறுபான்மையோ அவர்கள் பக்கம் நிற்பார். உலக யூதர்களை இஸ்ரேலோடு இணைக்கும் யூத முகமையின் தலைவராக (2009 முதல் 2018 வரை), யூதர்களின் புனித இடமான ஜெருசலேம் மேற்குச் சுவரில் பெண்களும் ஆண்களும் சேர்ந்து வழிபட இடம் வேண்டும் என்று பல வருடம் பேசி ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் அமைச்சரவை ஏற்றது, 2017 ஜூனில் நெதன்யாகு மதக் கட்சிகளுக்குப் பயந்து கிடப்பில் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்றால் ஷரான்ஸ்கி உடனே ஆட்சிமுறை, சர்வாதிகாரம் என்று பெரிய சொற்களுக்குப் போய்விடுவார். மார்ச் 2000 வாக்குமூலம் மட்டும் விதிவிலக்கு. அங்கே அவர் முன்னால் இருந்தது கோட்பாடு இல்லை, ஒரு கவுன்டரும் அதில் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களும். அது அவருக்குத் தெரிந்த விஷயம்.

#14 கறுப்புராஜா64

அக்கா, ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி இவருக்குக் கடிதம் எழுதினார் என்று எங்கேயோ பார்த்தேன்.

#15 தாழ்வாரம்

ஆமாம் தம்பி, 2023-ல். தண்டனைக் கொட்டடியில் ஷரான்ஸ்கியின் சிறை நினைவுகளைப் படித்துவிட்டு எழுதினார், எதுவும் மாறவில்லை, அதே கொட்டடி, அதே விதிகள் என்று. இவரும் பதில் எழுதினார். 2024 பிப்ரவரியில் நவால்னி இறந்த பிறகு அந்தக் கடிதங்கள் வெளிவந்தன.

#16 செங்காந்தள்

#13-க்கு: வாக்குமூலம் விதிவிலக்கு என்கிறீர்கள். எனக்கு அதுவே பெரிய குற்றச்சாட்டு. புரிந்திருக்கிறது, கையெழுத்தும் போட முடிந்திருக்கிறது. பிறகு ஏன் 2004? புரியாதவர் செய்தால் ஒரு மாதிரி, புரிந்தவர் செய்தால் வேறு. ஹீரோ என்று நான் சொல்ல மாட்டேன். சிறையில் இருந்த ஒன்பது வருடத்துக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான்.

#17 வடம்போக்கி

எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு, ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

#18 மட்டக்களப்பான்

இதே கட்சியில் இருந்த யூலி எடெல்ஸ்டைன் பற்றியும் கதைக்க வேண்டும். எபிரேயம் சொல்லிக்கொடுத்ததற்காக 1984-ல் பொய்யான போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனவர், பிறகு சபாநாயகர். 2020-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் பதவியை விட்டார். சோவியத்தில் சட்டம் கேட்டவர், இங்கே நீதிமன்றத்தையே மதிக்கவில்லை என்று அஷ்தோதில் பெரிய சண்டை நடந்தது.

#19 நெறியாளர்

அண்ணே, அது தனி ஆள், தனி வழக்கு. புது இழையாகத் திறங்கள், இங்கிருந்து இணைப்புக் கொடுக்கிறேன்.